புதிய நோய் மருந்துகளும் கிராமத்தின் பொறுப்பும்

காஞ்சீபுரம் ஜில்லாவில் சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கும் காலத்தில், இரவில் பனி இறங்கிப் பகலில் மேகம் மூடியிருக்குமானால், நெல்லின் இலைகளில் கண் வடிவமான புள்ளிகள் தோன்றுவதைக் குடியானவர்கள் நன்கறிவார்கள். இதுவே குலை நோய். இலையோடு நின்றால் விளைச்சல் ஓரளவு குறையும். கதிரின் கழுத்தில் பற்றினால் மணி பிடிக்காமல் கதிர் வெளுத்துப் பதராகிவிடும். 1919ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் இந்நோய் பெருவாரியாகப் பரவி அழிவு செய்தபோது, அதைத் தடுக்கத்தக்க மருந்து எதுவும் குடியானவர் கையில் இருக்கவில்லை. இன்றோ சிறிய ஊரின் கடைத்தெருவிலும் பத்துப் பன்னிரண்டு மருந்துகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பயிரில் புள்ளி கண்டவுடன் கடைக்குச் சென்று, “புதிதாக என்ன மருந்து வந்திருக்கிறது?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அக்கேள்வி குற்றமுள்ளதன்று. ஆனால் அது முதற்கேள்வியாக இருக்கத்தக்கதன்று. புதிய மருந்து என்பது மழைபோலத் தானாகப் பெய்வதன்று. ஒன்று பிறப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். பிறந்தபின் அது எத்தனை ஆண்டு பயன்படும் என்பது அதைச் செய்தவர் கையில் இல்லை, தெளிப்பவர் கையிலேயே இருக்கிறது. இவ்வுண்மை கிராமங்களில் உணரப்படாதவரையில், எத்தனை புதிய மருந்துகள் வந்தாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பயனற்றுப் போவது திண்ணம்.

சாயமும் மருந்தும்

இம்மருந்துகளில் பெரும்பாலானவை ரசாயனிகளால் பல்லின வளையச் சேர்மங்கள் என்று சொல்லப்படுவன. கரியின் அணுக்கள் ஐந்தோ ஆறோ கைகோத்தாற்போல் வளையமாக நிற்பதுண்டு. அவ்வளையத்தில் ஒன்றிரண்டு இடங்களில் கரிக்குப் பதிலாக நைட்ரஜன், கந்தகம், பிராணவாயு போன்ற வேற்றின அணு அமருமானால், அதுவே பல்லின வளையம். மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவில் இத்தகைய வளையம் உண்டு. குலை நோய்க்குத் தெளிக்கும் டிரைஸைக்ளஸோல், பூசண நோய்களுக்குப் பயன்படும் கார்பெண்டஸிம், ஹெக்ஸகோனஸோல் ஆகியவையும் இவ்வகையினவே.

காஞ்சீபுரத்தார்க்கு இப்பொருள்கள் முற்றிலும் புதியன அல்ல. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலமும் ஒரு பல்லின வளையச் சேர்மமே. இந்நீலத்தை ஆலையில் செய்து 1897ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கம்பெனியார் விற்கத் தொடங்கிய பின்னர், இந்தியாவில் அவுரிச் சாகுபடி சில பத்தாண்டுகளில் தளர்ந்தது. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலை நிலத்தில் உழுபவரைத் தொடாது என்று எண்ணுபவர்கள் இச்சரித்திரத்தை நினைவு கொள்ளவேண்டும்.

மருந்துக்கும் சாயத்துக்கும் உள்ள உறவு இதனினும் நெருக்கமானது. 1856ஆம் ஆண்டில் லண்டனில் பெர்கின் என்னும் இளைஞர் கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கொயினா கிட்டவில்லை, அதற்குப் பதிலாக ஊதா நிறச் சாயம் ஒன்று கிட்டியது. செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. பின்னர் ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் பேராசிரியர், சில சாயங்கள் சில கிருமிகளின் மீது மட்டும் ஏறுவதையும், அருகிலுள்ள தசையின்மீது ஏறாமையையும் கண்டார். பட்டு நூலில் பற்றும் சாயம் பருத்தி நூலில் பற்றாது என்பதை ஒவ்வொரு சாயப்பட்டறைக்காரரும் அறிவார். அதுபோலவே, கிருமியைப் பற்றி உடலைப் பற்றாத பொருள் கிடைக்குமானால் அதுவே சிறந்த மருந்தாகும் என்பது எர்லிக்கின் எண்ணம். நீலச் சாயமாகிய மெதிலீன் புளூவை அவர் 1891ஆம் ஆண்டில் மலைக்காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நஞ்சு எது, மருந்து எது என்பதைப் பிரிப்பது இந்தப் பற்றும் தன்மையே. கிருமியையும் பயிரையும் ஒருங்கே கொல்லும் பொருளைக் கண்டுபிடிப்பது எளிது. கிருமியை மட்டும் தாக்குவதைக் கண்டுபிடிப்பதே அரிது.

தட்டிலும் வயலிலும்

இக்காலத்தில் கல்லூரிகளின் ரசாயனப் பகுதிகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் புதிய வளையச் சேர்மங்களைச் செய்து சோதிக்கிறார்கள். ஒரு வளையத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் ஓரங்களில் வெவ்வேறு தொகுதிகளை இணைத்துப் பத்து இருபது பொருள்களைத் தயாரிப்பது முறை. அவற்றின் அமைப்பைக் கருவிகளால் உறுதிசெய்த பின், கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி, அதன்மேல் கிருமியைப் பரப்பி, மருந்தில் நனைத்த சிறு காகித வில்லையை வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் காணப்பட்டால் அப்பொருளுக்குக் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்று கொள்கிறார்கள். பின்னர், கிருமி வளர்வதைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்று படிப்படியாக நீர்த்துப் பார்க்கிறார்கள்.

இவ்வேலை தேவையானது. ஆயினும் வட்டம் தோன்றியவுடன் மருந்து கிடைத்துவிட்டது என்று எண்ணுவது, நாற்றங்காலைப் பார்த்துக் களத்து மேட்டில் நெல் அளப்பதற்கு ஒப்பாகும். தட்டில் கொல்லும் பொருள் வயலில் வெயிலால் சிதையலாம், மழையில் கழுவப்படலாம், பயிரின் இலையைக் கருக்கலாம், மண்புழுவுக்கும் மீனுக்கும் கேடு விளைக்கலாம், தெளிப்பவரின் உடலில் சேரலாம். இவை ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே, 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மத்தியப் பதிவுக் குழுவினர் அதனைப் பதிவு செய்வர். தொடக்கத்தில் தயாரித்த ஆயிரக்கணக்கான பொருள்களில் இவ்வளவையும் கடந்து கடைக்கு வந்து சேருவது மிகச் சிலவே.

தட்டு தரும் தீர்ப்பு தவறாகப் போவதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியில் டோமாக் என்னும் வைத்தியர் 1932ஆம் ஆண்டில் சிவப்புச் சாயம் ஒன்றைச் சோதித்தார். சோதனைக் குழாயில் அது கிருமியை ஒன்றும் செய்யவில்லை. எலியின் உடலில் செலுத்தியபோதோ, இறந்துபோக வேண்டிய எலிகள் பிழைத்தன. உடலுக்குள் சென்றபின் அச்சாயம் உடைந்து மருந்தாக மாறியதே காரணம். பிராண்டோஸில் எனப் பெயர்பெற்ற அதிலிருந்தே ஸல்பா மருந்துகள் தோன்றின. அம்மருந்தின் ஓரத்தில் ஒரு பல்லின வளையத்தை இணைத்துச் செய்யப்பட்டதே, எம். பி. 693 என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கிய நிமோனியா மருந்து.

குலை நோய் மருந்தாகிய டிரைஸைக்ளஸோலும் இத்தகையதே. குலை நோயின் பூசணம் இலைமேல் விழுந்தவுடன் குமிழ்போன்ற உறுப்பு ஒன்றை உண்டாக்கி, அதனுள் நீரை இழுத்து அழுத்தத்தைப் பெருக்கி, அந்த அழுத்தத்தால் இலையின் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. அவ்வழுத்தம் மோட்டார் வண்டியின் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 30 மடங்குக்கு மேற்பட்டது. குமிழின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் பூசப்பட்டிருப்பதாலேயே அது அழுத்தத்தைத் தாங்குகிறது. டிரைஸைக்ளஸோல் இக்கருநிறப் பூச்சு உண்டாவதைத் தடுக்கிறது. பூசணம் சாவதில்லை, இலைக்குள் நுழையும் வலிமையை மட்டும் இழந்துவிடுகிறது. ஆகவே கண்ணாடித் தட்டில் மட்டும் சோதித்திருந்தால் இம்மருந்து பயனற்றதென்று ஒதுக்கப்பட்டிருக்கும். பயிரின்மேல் சோதித்ததனாலேயே அதன் குணம் விளங்கியது.

இதிலிருந்து குடியானவர் நேராகப் பெறத்தக்க பாடமும் ஒன்றுண்டு. நுழைவதைத் தடுக்கும் மருந்தை, நோய் நுழைந்து கதிரின் கழுத்து கறுத்த பின்னர்த் தெளிப்பது பணத்தை வாய்க்காலில் கொட்டுவதாகும். திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைத் தாழிடுவதால் பயனில்லை.

சென்னையில் கற்ற பாடம்

மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி. அதைக் காப்பது மறுபாதி. இரண்டாவது பாதியை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய இடங்களுள் சென்னை ஒன்று என்பது பெருமைக்குரியது.

ஐஸோநயஸிட் என்பது பிரிடின் என்னும் பல்லின வளையத்தைக் கொண்ட மருந்து. 1912ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் மேயர், மாலி என்னும் இரு ரசாயனிகள் இதைத் தயாரித்தனர். அது மருந்தாகும் என்று அவர்கள் அறியவில்லை. க்ஷயரோகக் கிருமியை அது அழிக்கும் என்பது 1952ஆம் ஆண்டிலேதான் தெரியவந்தது. செய்த பொருளைத் தகுந்த கிருமியின்மேல் சோதியாமையால் 40 ஆண்டுகள் வீணாயின. 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னைச் சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. அங்கு 193 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியிலும் மற்றவரை அவரவர் எளிய வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏழை நாடுகளில் க்ஷயரோகச் சிகிச்சையின் முறையே இதனால் மாறியது.

அதற்கடுத்த ஆராய்ச்சி பயிர்த் தொழிலாளருக்கு இன்னும் முக்கியமானது. ஐஸோநயஸிட்டைத் தனியாகக் கொடுத்தவர்களையும், அதனுடன் வேறு வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டு 1960ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டன. தனியாகக் கொடுத்த இடத்தில் குணமடைந்தவர் தொகை குறைந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்றிரண்டு இயல்பாகவே ஒரு மருந்துக்கு அடங்காதனவாக இருக்கும். மற்றவை செத்தபின் அவை மட்டும் எஞ்சி, தடையின்றிப் பெருகுகின்றன. வேறு வகையில் தாக்கும் இரண்டாவது மருந்து உடனிருந்தால் அவையும் அழியும். இவ்வளவு தெரிந்த பின்னும், மருந்தை இடையில் நிறுத்துவதாலும் முறைகேடாகக் கொடுப்பதாலும் பல மருந்துகளுக்கு அடங்காத க்ஷயரோகம் நாட்டில் பரவியிருக்கிறது. உலகத்துக் க்ஷயரோகிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் இந்தியாவிலேயே உள்ளனர். அடங்காத அக்கிருமிகளுக்கு எதிராக, குயினோலின் வளையமுடைய பெடாகுயிலின் என்னும் புது வகை மருந்து 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. க்ஷயரோகத்துக்கென முற்றிலும் புதிய வகை மருந்து ஒன்று வருவதற்குச் சுமார் 40 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மருந்தைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். அதற்கு ஈடு காண ஒரு தலைமுறை வேண்டும்.

வயல்களில் நிகழ்வது

மனித வைத்தியத்தில் நிகழ்ந்தது பயிர் வைத்தியத்திலும் நிகழ்கிறது. கார்பெண்டஸிம் சேர்ந்த பென்ஸிமிடஸோல் வகை மருந்துகள் வழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1970க்குப் பிந்திய பத்தாண்டில், பல நாடுகளில் பூசணங்கள் அவற்றுக்கு அடங்காமற் போயின. அவ்வகை மருந்து பூசணத்தின் ஒரே ஓர் உறுப்பைத் தாக்குவது. அவ்வுறுப்பில் சிறு மாறுதல் ஏற்பட்டால் மருந்து முழுவதும் பயனற்றுவிடும்.

கிராமங்களில் காணப்படும் பழக்கங்கள் சில இவ்வாபத்தை விரைவுபடுத்துவன. சிக்கனம் கருதிச் சொன்ன அளவில் பாதியைத் தெளிப்பது முதலாவது. பட்டின் எடைக்குத் தக்கபடி சாயத்தை நிறுத்துப் போடாவிட்டால் நூல் திட்டுத்திட்டாக நிறமேறும் என்பதைச் சாயமேற்றுபவர் அறிவார். மருந்து குறைந்தால் அதுபோலவே சில கிருமிகள் சாக, வலியவை பிழைத்திருக்கும். ஒரே மருந்தைச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் தவறாமல் தெளிப்பது இரண்டாவது. பெயர் மாறினால் மருந்தும் மாறிவிட்டதென்று எண்ணுவது மூன்றாவது. ஹெக்ஸகோனஸோல், புரோபிகோனஸோல், டெபுகோனஸோல் என்பன ஒரே குடும்பத்து மருந்துகள். கிருமியின் ஒரே இடத்தைத் தாக்குவன. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவது மாற்றமாகாது. புட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட விற்பனைப் பெயரை விட்டு, சிறிதாக அச்சிட்ட மருந்தின் பெயரைப் படிக்கவேண்டும். ‘கோனஸோல்’ என முடிவன ஒரு குடும்பம், ‘ஸ்ட்ரோபின்’ என முடிவன மற்றொரு குடும்பம் என்று நினைவில் வைத்தல் எளிது. டிரைஸைக்ளஸோல் ஒலியில் ஒத்திருப்பினும் முதற்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

நான்காவது பழக்கம் மிகவும் கண்டிக்கத்தக்கது. நோய் இன்னதென்று தெரியாமல், பூசண மருந்து, பூச்சி மருந்து, பாக்டீரியாவுக்கான ஸ்ட்ரெப்டோமைஸின் ஆகிய மூன்றையும் ஒரே வாளியில் கலந்து தெளிப்பதே அது. சென்னை நிலையத்தில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தது, கிருமி இன்னதென்று உறுதிசெய்து, அளவை வரையறுத்துச் செய்த காரியம். கண்ணை மூடிக்கொண்டு கலப்பதற்கு அது சான்றாகாது. ஸ்ட்ரெப்டோமைஸின் 1943ஆம் ஆண்டில் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டு, க்ஷயரோகிகளுக்கு உயிர் கொடுத்த மருந்து. அதனையும் டெட்ராஸைக்ளினையும் பயிர்களுக்குத் தெளிப்பதை நிறுத்தும் நோக்குடன் மத்திய சர்க்கார் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கப்பட்டுவந்த கோலிஸ்டின் என்னும் மருந்து 2019 ஜூலையிலேயே தடை செய்யப்பட்டது. மனிதருக்கு வேறு மருந்து கேட்காத தறுவாயில் கொடுப்பதற்கென வைத்திருக்கும் மருந்து அது.

வயலில் தெளிப்பது வயலோடு நிற்கிறது என்றும் சொல்வதற்கில்லை. பூசண நோயால் நுரையீரல் கெட்டவர்களுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் மாத்திரைகளும் வயலில் தெளிக்கும் ‘கோனஸோல்’ மருந்துகளும் டிரயஸோல் என்னும் ஒரே வளையத்தைக் கொண்டவை. எருக்குழிகளிலும் மக்கும் வைக்கோலிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணம் இவ்வகை மருந்துகளுக்கு அடங்காமல் மாறியிருப்பதை நெதர்லாந்து நாட்டு வைத்தியர்கள் முதலில் கண்டனர். டில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2012ஆம் ஆண்டில் அதே மாறுதலை இந்திய மண்ணிலும் கண்டறிந்து வெளியிட்டனர். அவர்கள் மண் எடுத்த இடங்களில் நெல் வயல்களும் இருந்தன. மருந்தையே தொடாத ஒருவர், காற்றில் வந்த வித்தைச் சுவாசித்து, எந்த மாத்திரைக்கும் அடங்காத நோயைப் பெறக்கூடும்.

விற்பனையிலும் இதன் பயன் தெரிகிறது. ஐரோப்பியக் கூட்டு நாடுகள் அரிசியில் டிரைஸைக்ளஸோல் இருக்கத்தக்க அளவை, பத்து லட்சத்தில் 1 பங்கு என்பதிலிருந்து பத்துக் கோடியில் 1 பங்கு என்பதாக 2017ஆம் ஆண்டில் குறைத்தன. அறுவடைக்கு முன் எத்தனை நாள் தெளிக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருப்பதை அலட்சியம் செய்தவர்களால், கவனமாக இருந்தவரின் அரிசிக்கும் சந்தேகம் ஏற்பட்டது.

ஏரியும் மருந்தும்

மருந்தின் ஆற்றல் தனியார் சொத்தன்று. ஏரி நீரைப்போல் பொதுச் சொத்தாகும். இந்த ஜில்லா ஏரிகளால் வாழ்வது. தென்னேரியின் ஆயக்கட்டில் தலைமடைக்காரர் தம் நிலம் என்று சொல்லி மதகை இரவெல்லாம் திறந்து வைத்தால், கடைமடைக்காரர் பயிர் காயும். குலை நோயின் வித்துக்கும் வரப்பு இல்லை. ஒருவர் வயலில் அடங்காத பூசணம் பிறந்தால் அடுத்த காற்றில் அது ஊர் முழுவதும் செல்லும்.

ஏரியைப் பொதுவாக ஆளும் முறையை இந்த ஜில்லா யாரிடமும் கற்கவேண்டியதில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்களில் ஏரி வாரியம் என்ற குழு சொல்லப்படுகிறது. அதன் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அமரக் கூடாதென்று விதித்தனர். பொதுப் பொருளைக் காப்பதற்குக் கணக்கே அடிப்படை என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

அதே முறையை மருந்துக்கும் கைக்கொள்வது நலம். ஒவ்வொரு கிராமத்திலும் நிலக்காரர் ஐவர் அறுவர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், உதவி வேளாண்மை அலுவலர் ஆகியோர் போகத் தொடக்கத்தில் ஒருமுறை கூடவேண்டும். சென்ற போகத்தில் எந்த நோய் வந்தது, எக்குடும்பத்து மருந்து தெளிக்கப்பட்டது, அது கேட்டதா என்பதைப் பேசி, இந்தப் போகத்தில் எதைத் தெளிப்பது, எதை ஓய்வில் விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். அடங்கலில் சாகுபடியைப் பதிவதுபோல, நோயையும் மருந்தையும் தேதியோடு பதியத் தனி நோட்டுப் புத்தகம் ஒன்று கிராமத்தில் இருக்கவேண்டும். தெளிக்கும் ஒவ்வொருவரும் வயலின் ஒரு மூலையில் சிறு பாத்தியைத் தெளிக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மருந்து கேட்கவில்லை என்பதை முதலில் காட்டுவது அந்தப் பாத்தியே. கடைக்காரரிடம் பட்டியல் இல்லாமல் மருந்து வாங்குவதை அடியோடு நிறுத்தவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் செய்யத்தக்கவை, மருந்தின் தேவையையே குறைப்பன. தழைச்சத்தை ஒரே தடவையில் அள்ளிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகத் தோன்றும். குலை நோய்க்கு அதுவே விருந்து. பிரித்துப் பிரித்து இடவேண்டும். விதையைக் கிலோவுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளுடன் கலந்து விதைப்பது செலவு குறைந்த காப்பு. ஆந்திரா பொன்னி என்று வழங்கும் பி.பி.டி. 5204 போன்ற, நோய்க்கு எளிதில் இலக்காகும் ரகத்தை விலை கருதிப் பயிரிடுவோர், அதற்கேற்ற கண்காணிப்புக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

ஆட்சேபங்கள்

கடன் வாங்கிப் பயிரிட்டவரின் கதிர் கண்ணெதிரே வெளுக்கும்போது, ஊர் நன்மையைப் பற்றி உபதேசிப்பது எளிது, கேட்பது கடினம் என்று சொல்லப்படலாம். இது நியாயமான ஆட்சேபமே. ஆனால் மேலே சொன்ன முறைகள் ஒருவரையும் மருந்து தெளிக்காதே என்று தடுப்பன அல்ல. தக்க மருந்தை, தக்க அளவில், தக்க காலத்தில் தெளிக்கச் சொல்வனவே. வீணான கலவைத் தெளிப்பு நிற்பதால் முதலில் மிச்சமாவது அந்தக் கடன்காரரின் பணமே.

குற்றம் முழுவதையும் குடியானவர்மேல் சுமத்துவதும் பொருந்தாது. புள்ளி விழுந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவருக்கு, இது பூசணமா, பாக்டீரியாவா, சத்துக் குறைவா என்று அன்றைக்கே சொல்ல ஆள் இல்லாவிட்டால், அவர் கடைக்காரரைத்தான் கேட்பார். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஆனால் நடவுக் காலத்தில் அவ்வளவு தூரம் போய்வர எல்லோராலும் இயலாது. ஒவ்வொரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும், உருப்பெருக்கிக் கண்ணாடியும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் போகக் காலம் முழுவதும் இருக்கச் செய்வது இலாகாவின் கடமை.

கல்லூரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. புதிய வளையச் சேர்மத்தைச் செய்பவர்கள், எங்கும் கிடைக்கும் நாலைந்து கிருமிகளின்மேல் வில்லை வைத்து வட்டத்தை அளந்து கட்டுரை எழுதுவதோடு நின்றுவிடலாகாது. இம்மாநிலத்து வயல்களில் கண்ட குலை நோய், இலையுறை அழுகல், பாக்டீரியா இலைக்கருகல் ஆகியவற்றின் கிருமிகளையும் சேர்த்து, தட்டில் மட்டுமன்றித் தொட்டியில் வளர்ந்த நெற்பயிரிலும் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சி நிலையங்களோடு கூடி ஏற்பாடு செய்யவேண்டும். ஐஸோநயஸிட் 40 ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததை அவர்கள் மறத்தலாகாது. பழைய மருந்துக்கு அடங்காத கிருமியை எதிர்த்து நிற்பதா என்பதே புதிய பொருளுக்கு உரிய முதற்சோதனை. அடங்கும் கிருமியைக் கொல்ல மருந்துகள் முன்பே இருக்கின்றன.

கம்பெனியார் ஆண்டுதோறும் புதியது கொண்டுவருவார்கள், பழையது போனால் போகட்டும் என்பது கடைசி ஆட்சேபம். ஆண்டுதோறும் வருபவை பெரும்பாலும் புதிய பெயர்களும் புதிய சேர்க்கைகளுமேயன்றிப் புதிய வகைகள் அல்ல. கிருமியைப் புதிய இடத்தில் தாக்கும் வகை ஒன்று வருவது அரிது. வந்தாலும் அதன் விலை சிறு நிலக்காரருக்கு எட்டாது. கையில் உள்ள மலிவான மருந்து கேட்கும் நிலையில் இருப்பதே அவருக்கு மெய்யான சேமிப்பு.

வரும் சம்பாப் போகத்துக்கு முன், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மாலை வேளையைச் செலவிட்டு மருந்துக் கணக்கைத் தொடங்குவதற்குச் சர்க்கார் உத்தரவு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் நாலு பேரின் இசைவும் போதும். ஏரிக்குக் கணக்கு வைத்த ஜில்லா மருந்துக்கும் கணக்கு வைக்கத் தொடங்கினால், இன்றுள்ள மருந்துகள் அடுத்த தலைமுறையின் பயிருக்கும், அவர்களுடைய குழந்தைகளின் உடலுக்கும் உதவும் என்பதில் ஐயமில்லை.